வீட்டிலேயே இரு என்றால் வீடு எங்கே?

(திருச்செங்கோட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று இந்த ஊர்த் தோழர்கள் கேட்டபோது, கொரோனா ஊரடங்குக் காலத்தைப்பற்றி என்று சொன்னேன். அது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டனவே, செத்தவர்கள் செத்தார்கள், பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், இப்போது அதை எதற்குக் கிளறுவது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு காரியம் நடந்து முடிந்தபின் அதை யார் எழுதி வைக்கிறார்களோ அவர்கள் எழுதினதுதான் பிற்காலத்துக்குச் சரித்திரமாய் நிற்கிறது. எழுதுகிறவன் யார்? வயிறு நிறைந்து, மேஜை நாற்காலி இருந்து, மத்தியானத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடிகிறவன். அவன் பட்டதுதான் கஷ்டம், அவன் கண்டதுதான் காலம் என்று ஆகிவிடுகிறது. ஆகையால்தான் இதைக் கிளற வேண்டியிருக்கிறது.

தேயிலைத் தோட்டங்களில் துரைகளாயிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஊரடங்கை எப்படிக் கழித்தார்கள் என்பதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் படிக்க நேர்ந்தது. துரை என்றவுடன் வெள்ளைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் போய் வெகுகாலம் ஆகிறது. தொப்பி மட்டும் தலை மாறியிருக்கிறது. தோட்ட மானேஜருக்கு இன்றைக்கும் மலையில் துரை என்றுதான் பெயர். அவர் சம்சாரத்துக்குத் துரைசாணி என்றுதான் பெயர்.

திருச்செங்கோட்டுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே விளைவது கடலையும் சோளமும். ஓடுவது தறியும் ரிக் வண்டியும். ஆனால் இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அதிகமாக ஆள் பிடித்த ஜில்லாக்களில் நம் சேலமும் ஒன்று. மழை பொய்த்த வருஷங்களில், கடன் வாங்கித் தீர்க்க முடியாதவனும், பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த ஆதித்திராவிடனும், நிலமில்லாத மற்ற வகுப்பானும் இந்தச் சுற்றுப்புறங்களிலிருந்து குடும்பம் குடும்பமாய்ப் போனார்கள். ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் அப்படியே போனார்கள். நான் பேசப்போவது வேற்று ஜாதியாரைப்பற்றி அல்ல. உங்கள் பாட்டன் கூடப்பிறந்தவர்களைப்பற்றித்தான்.

நிற்க, ஓய்வு பெற்ற துரைகள் சொல்வதன் சாரம் என்னவென்றால், எங்களுக்கு இந்தத் தனிமை புதிதல்ல என்பதாகும். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசி, நடுநிசி முதல் 21 நாளைக்கு யாரும் வெளியே வரக்கூடாது என்றபோது பட்டணத்துக்காரனெல்லாம் திகைத்துப் போனானாம். இவர்கள் திகைக்கவில்லையாம். ஏனெனில் வாழ்நாளில் முப்பது வருஷம் மலையுச்சிப் பங்களாவில் இருந்தவர்கள். அடுத்த பங்களாவுக்கு நாலைந்து மைல். மழைக்காலத்தில் ரோடு சரிந்தால் கடிதமும் வராது, டாக்டரும் வரமாட்டார். குழந்தைகளைச் சிறு வயதிலேயே போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் கிளப்பு. மற்ற நாள் புஸ்தகம், பூந்தோட்டம், நாய். இதில் பழகினவர்களுக்கு ஊரடங்கு என்ன செய்யும் என்கிறார்கள்.

இதைப் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்களுக்கும் கஷ்டம் இருந்தது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெங்களூரிலும் எழுபது எண்பது வயதில் புருஷன் பெண்ஜாதி இருவராய் இருந்தவர்கள். பிள்ளைகளெல்லாம் ஆஸ்திரேலியாவிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும். ஆகாய விமானம் நின்று போயிற்று. இங்கே தகப்பன் செத்தால் அங்கே மகன் டெலிபோன் கண்ணாடியில் கொள்ளி வைப்பதைப் பார்க்க வேண்டியதாயிற்று. பாங்கியில் போட்ட பணத்தின் வட்டியை வைத்துக் குடும்பம் நடத்தினவர்களுக்கு ரிசர்வ் பாங்கி 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் வட்டியைக் குறைத்ததில் வரும்படி சுருங்கிற்று. துக்கத்தில் துரை துக்கம், கூலி துக்கம் என்று இரண்டு ஜாதி கிடையாது. அந்தக் கிழவர்களைப் பார்த்துச் சிரிப்பது மனுஷ சுபாவமல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்கலாம், தப்பில்லை. வேலைக்காரர்கள் வர முடியாமல் போனதால், வாழ்நாளெல்லாம் ஒரு தம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடித்தறியாத துரை அறுபத்தைந்து வயதுக்குமேல் பாத்திரம் கழுவக் கற்றுக் கொண்டார். துரைசாணி அம்மாள் வீடு கூட்டினார். ஈரத்துணியில் தரை துடைத்தால் இடுப்பு வலிக்கும் என்ற உண்மை அப்போதுதான் தெரிந்தது. நான் இதைக் கேலியாகச் சொன்னாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்லுகிறேன். தன் எச்சில் தட்டைத் தானே கழுவுவதற்கு ஒரு நாட்டில் உலகத்தொற்று வியாதி வரவேண்டியிருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. இந்த விஷயத்தில் துரைக்கும் நம்மூர் மிட்டாமிராசுக்கும், ஏன், இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளைத் தோழர்கள் பலருக்கும் என்ன வித்தியாசம்? தாய்மார்கள் சிரிக்கிறார்கள். சரி, மேலே போவோம்.

அந்தத் தனிமையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலைமேல் பங்களாவில் தனியாய் இருந்தோம் என்கிறார்களே, அந்தப் பங்களாவில் யார் யார் இருந்தார்கள்? சமையற்காரன், பட்லர், குழந்தை பார்க்கும் ஆயா, தோட்டக்காரன், இராக்காவற்காரன், கார் ஓட்டுகிறவன். ஆறு பேர் ஆயிற்று. கொஞ்சம் கீழே இறங்கினால் லைனில் நூற்றுக்கணக்கான ஜனங்கள். விடியற்காலத்தில் பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தானே? இவ்வளவு பேருக்கு நடுவில் இருந்துகொண்டு, நான் தனியாய் இருந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த ஆறு பேரும், அந்த நூற்றுக்கணக்கானவர்களும் மனுஷர் என்ற கணக்கில் ஏறவில்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா? வேண்டுமென்று சொன்னதல்ல, யோசியாமல் சொன்னது. யோசியாமல் வருகிற வார்த்தையில்தான் உள்ளே கிடக்கிறது வெளியே வரும்.

ஊரடங்குக் காலத்தில் 'சமூக இடைவெளி' என்று ஒரு வார்த்தையை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் அது முன்னமே நடப்பில் இருந்த சட்டம். மேட்டில் பெரிய துரை பங்களா, அதற்குக் கீழே சின்னத் துரை, அதற்கும் கீழே கணக்கப்பிள்ளை வீடு, பள்ளத்தில் லைன். துரை வருகிற பாதையில் கூலி ஒதுங்கி நிற்க வேண்டும். நம் கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று எதை வைத்தார்களோ அதையே மலையில் உயரம் பார்த்து வைத்தார்கள். வியாதிக்காக விலகச் சொன்னது 2020-ல். வியாதி இல்லாமலேயே விலக்கி வைத்தது தலைமுறை தலைமுறையாக.

பள்ளத்தில் இருந்தவர்களுக்கு ஊரடங்கு எப்படி இருந்தது? லைன் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒரே நீளக் கட்டடம். நடுவே சுவர் வைத்து வரிசையாய் அறைகள். இலங்கையில் 10 அடிக்கு 12 அடி என்பது பேர்போன அளவு. முன்னால் ஒரு சிறு திண்ணை. அதில் கிழவன், கிழவி, மகன், மருமகள், பேரக் குழந்தைகள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். குழாயும் கக்கூசும் பல இடங்களில் பொது. இந்த வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி இருப்பது எப்படி? ஒருவர் இருமினால் பத்துப்பேர் தலையில் விழும் இடம் அது. ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு 9 நிமிஷம் அகல் ஏற்றச் சொன்னார்கள். வியாதிக்கும் அகலுக்கும் என்ன உறவு என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வரவில்லை. ஒரே ஒரு பல்பு எரிகிற வீட்டில் அதையும் அணைத்தால் என்ன மிஞ்சும்?

இன்னொரு விஷயம். வீட்டிலேயே இரு என்ற உபதேசம் தோட்டத் தொழிலாளிக்கு எத்தனை நாள் நின்றது? மார்ச்சு 25-ல் ஆரம்பித்தது. தேயிலைச் செடிக்கு ஊரடங்கு தெரியாதே! கொழுந்து கிள்ளாவிட்டால் முற்றிப் போகும். ஏப்ரல் 15-ந் தேதி மத்திய சர்க்கார் போட்ட உத்தரவில், 20-ந் தேதி முதல் தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்கள் பாதி ஆட்களை வைத்து வேலை நடத்தலாம் என்றார்கள். இலங்கையில் மார்ச்சு 20-ந் தேதி ஊரடங்குச் சட்டம் வந்தது, ஆனால் தோட்ட வேலைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக துரைக்கு மாதக்கணக்கில் ஊரடங்கு, கூலிக்கு வாரக்கணக்கில். வியாதிக்குப் பயந்து உள்ளே இருக்கவும் ஒரு யோக்கியதை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பிறகு மே மாத உத்தரவில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அவசியமில்லாமல் வெளியே வரக்கூடாது என்று சர்க்கார் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஓய்வு பெற்ற துரை வீட்டில் இது நடந்தது. ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி வீட்டில் என்ன நடந்தது? கிழவி வெளியே வரவில்லை. ஆனால் மகள் காலையில் வேலைக்குப் போய், பல பேரோடு சேர்ந்து நின்று கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் அதே பத்தடி அறைக்குத்தானே வரவேண்டும்? கிழவி வெளியே போகாவிட்டால் என்ன, வெளியே இருக்கிறது உள்ளே வராதா?

மகள் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான், தோழர்களே, நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த வீடு கிழவியின் வீடு அல்ல. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. அந்தச் சட்டப்படி வேலை செய்கிறவனுக்குத்தான் முதலாளி வீடு கொடுக்க வேண்டும். வேலை நின்றால் வீடும் நின்றது. முப்பது நாற்பது வருஷம் அட்டைக் கடியில் கொழுந்து கிள்ளினவள் ஓய்வு பெறுகிற அன்றைக்கு, வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடு, பிறகு கிராஜுவிட்டியைத் தருகிறோம் என்று சொல்லுகிற தோட்டங்கள் பல. கிராஜுவிட்டி எவ்வளவு? அப்போது நடப்பில் இருந்த 1972-ம் வருஷத்துச் சட்டப்படி ஒரு வருஷ சேவைக்கு 15 நாள் சம்பளம். நாட்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். அதைக் கொண்டு இந்தத் திருச்செங்கோட்டில் எத்தனை அடி மனை கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள், வீடு அப்புறம். பென்ஷன் என்றால், பிராவிடண்டு பண்டு பென்ஷனுக்கு 2014-ல் வைத்த குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். ஆகவே தோட்டத்துக் குடும்பங்கள் கண்டுபிடித்த உபாயம் என்னவென்றால், பிள்ளைகளில் ஒருத்தியையாவது அதே தோட்டத்தில் பேர் பதிய வைத்துவிடுவது. அவள் பேரில் வீடு நிற்கும். கிழவன் கிழவிக்குத் தலைக்குமேல் தகரம் நிற்கும். அந்த மகள் ஏப்ரல் மாதத்தில், வியாதி இருக்கிறது, நான் வரமாட்டேன் என்று சொன்னால் அவள் வேலையோடு நில்லாது. தாயின் கூரையும் ஆடும்.

துரைக்கும் கம்பெனி பங்களா சொந்தமல்லவே, அவரும்தானே காலி செய்தார் என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. ஓய்வு பெறுகிற அன்றைக்கு அவரும் சாமானைக் கட்டிக்கொண்டு இறங்கத்தான் வேண்டும். அது அவர்கள் மனதில் பெரிய புண் என்றும் சொல்லுகிறார்கள். ஆனால் அவர் சம்பாத்தியத்தில் இன்னொரு வீடு கட்ட முடிந்தது. ஊரடங்கு வந்தபோது அவருக்கு அடைந்து கிடக்க ஒரு வீடு இருந்தது. இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே மழையில் முப்பது வருஷம் இருந்தவர்கள்தான்.

வீடு என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெட்டிமுடியைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் இடுக்கி ஜில்லா, மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தூத்துக்குடி ஜில்லா கயத்தாறுப் பக்கத்து வம்சத்தார் அதிகம். 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, ஓயாத மழையில் மலை சரிந்து நாலு வரிசை லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டார்கள். அதில் நாலு பேருடைய பிரேதம்கூட அகப்படவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபடியால் வெளியூரில் தங்கிப் படித்த பிள்ளைகளும் அப்போது வீட்டுக்கு வந்திருந்தார்கள். மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் செய்தி போயிற்று. பிரேதங்களை ஆற்றோரத்தில் மைல் கணக்கில் தேடினார்கள். இந்த ஜில்லாவிலிருந்து அந்த ஜில்லாவுக்குப் போகவே பாஸ் கேட்ட காலம் அது. அடுத்த ராஜ்யத்திலிருந்த சொந்தக்காரன் எப்படி ஓடி வருவான்?

இதை விதி என்றார்கள் சிலர். லயம் கட்ட இடம் பார்த்தது விதியா? மலைச்சரிவின் அடியில், தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் வரிசையாய் அறை கட்டி இதில் இரு என்று சொன்னவன் மனுஷன்தான். கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று ராஜ்யமெல்லாம் தம்பட்டம் அடித்த வருஷத்தில், வீட்டில் இருந்ததற்காகவே இவர்கள் செத்தார்கள். மறுநாள் 7-ந் தேதி கோழிக்கோட்டில் ஆகாய விமானம் விழுந்தது. அதில் செத்தவர்களுக்கு அந்த ராஜ்ய சர்க்கார் 10 லட்சம் என்றது. பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்றது. விமானத்தில் செத்தவர்களும் பிழைக்கப்போன ஏழைகள்தான், அவர்களுக்குக் கொடுத்ததைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே சர்க்கார், ஒரே வாரம், சாவுக்கு இரண்டு விலை. தப்பினவர்களுக்குப் பிறகு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டை முதலிலேயே கட்டிக் கொடுத்திருந்தால் குடியிருக்க எழுபது பேர் அதிகம் இருந்திருப்பார்கள்.

அடைபட்டு இருப்பது எங்களுக்குப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ள மலையில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது கூலிக்குத்தான். இலங்கைக்குப் போகிற கூலியை மண்டபத்தில் முகாம் போட்டு, நாட்கணக்கில் அடைத்து வைத்து, துணியை அவித்து, அம்மை குத்தி, பிறகுதான் கப்பலேற்றினார்கள். அதற்கு முன்பு தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் இதே காரியம் நடந்தது. வியாதி பரவாமல் தடுக்க வேண்டியதுதான். அம்மை குத்துவதை நான் வேண்டாம் என்பேனா? ஆனால் வியாதி என்றால் கூலியின் உடம்பில்தான் இருக்கும் என்று கட்டின கொட்டகை அது. தோட்டத்துக்குள் போனபின் 1921-ல் ஒழிக்கப்படுகிறவரை 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 2020-ல் நாமெல்லாம் இ-பாஸ் கேட்டு மனுப் போட்டு, கிடைக்கவில்லையே என்று முனகினோம் அல்லவா? அவன் பாட்டன் முனகாமலே அதைச் சுமந்தான்.

பிறகு 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று, ஆடுமாடு பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அப்படி வந்தவர்கள் மறுபடியும் அதே மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியாருக்காக நீலகிரியில் சர்க்காரே தேயிலை பயிரிட்டது. அதுதான் இன்றைய டான்டீ. அங்கேயாவது முடிந்ததா? அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டைக் காலி செய் என்ற பேச்சு வந்தது. குடியிருக்க வேறு இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. இலங்கையில் லயம், மண்டபத்தில் கொட்டகை, கூடலூரில் லைன், எழுபது வயதில் நோட்டீசு. ஓய்வு பெற்ற தோட்டக்காரர் என்ற வார்த்தை இவர்களுக்குப் பொருந்தாதா? இவர்களிடம் போய், ஊரடங்குக் காலம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று யார் கேட்டார்கள்?

துரையைப் பேசினால் கை தட்டுகிறீர்கள். இனி நம் ஊரைப் பேசுகிறேன், அப்போதும் தட்டுகிறீர்களா பார்ப்போம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ராஜ்யம் இல்லை என்று பெருமை பேசுகிறோம். அந்த வண்டியில் நின்று சேற்றையும் புழுதியையும் வாங்கிக் கொள்ளுகிறவர்களில் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த பையன்கள் அநேகர். மார்ச்சு 24-ந் தேதி இரவு வண்டிகள் எங்கெங்கே நின்றனவோ அங்கங்கே நின்றன. வண்டி நிழலில் படுத்துக்கொண்டு அரிசியை எண்ணிச் சமைத்தவர்கள் அவர்கள். முதலாளி வீட்டிலிருந்து டெலிபோனில் விசாரித்தார்; சிலர் பணமும் அனுப்பினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோவிலும் அப்போது பூட்டித்தான் கிடந்தது. அவருக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. நம் தறிக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்தவர்கள் தறிச் சத்தம் நின்ற இடத்தில், தறிக்கும் சுவருக்கும் நடுவே படுத்திருந்தார்கள். அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு நீங்களும், வீட்டில் தனியாக இருந்தோம், குழந்தைகளோடு சந்தோஷமாய்ப் பொழுது போயிற்று என்றுதானே சொல்லுகிறீர்கள்? உங்கள் கொட்டகையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் கணக்கு வருமா?

இப்போது யாரும் தட்டவில்லை. பரவாயில்லை.

மேடைக்குப் பக்கத்தில் இந்த ஊர்த் தோழர்கள் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறார்கள். 2020-லும் 21-லும் எங்கே இருந்தீர்கள், எத்தனை பேர் ஒரு அறையில், என்ன சாப்பிட்டீர்கள், கூலி வந்ததா, வீட்டில் யார் செத்தார்கள் என்பதைச் சொன்னால் எழுதிக் கொள்ளுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும். இந்திக்காரப் பையன்கள் கொட்டகையில் இருந்தால் நாளைக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். ஹிந்தி தெரிந்த தோழர் ஒருவர் வருகிறார். மணி ஒன்பதாகிறது, தூரத்து ஊர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். என்னைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்கலாம்.